பூங்கொத்துக்கும் முகம் பொருந்துகிறது

அனுப்புநர்:
பட அட்டை வாடிக்கையாளர் (தொழில்: பள்ளி வேன் ஓட்டுநர்),
தையல் கடைக்கு மேல் மாடி,
பேருந்துப் பணிமனைக்குப் பின் தெரு.
(பெயரும் கணக்கு எண்ணும் முதல் இணைப்பான அட்டை நகலில் தெளிவாக உள்ளன.)

பெறுநர்:
உயர்திரு தலைமைக் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வங்கி வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலகம்,
மூன்றாம் தளம்.

பொருள்: திருடப்பட்ட என் பட அட்டையைக் கொண்டு வீட்டுச் சாதனக் கடையில் பொருள்கள் வாங்கப்பட்டது – கடையின் "முகம் பொருந்துகிறது" என்ற பதிவை ஆதாரமாக வைத்து என் தங்கை மீது சந்தேகம் எழுதப்பட்டது – அச்சந்தேகத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வங்கியின் அட்டைப் பிரிவு எனக்கு அனுப்பிய விசாரணை முடிவுக் கடிதம். 2. அதே பிரிவு என் தங்கை வேலை செய்யும் மருந்துக் கடைக்கு அனுப்பிய கடிதம். (இதன் நகல் எனக்கு அனுப்பப்படவில்லை. தங்கை காட்டித்தான் பார்த்தேன்.)

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தின் தரைத்தளத்தில் கொடுக்க வந்தபோது, அங்கிருந்த ஊழியர் 'பொருள்' வரியை மட்டும் படித்துவிட்டு, பணம் திரும்பக் கிடைக்காத புகார்களுக்கான பெட்டியில் போடச் சொன்னார். இது பணம் கேட்கும் மனு அல்ல. பணத்தைத் திருப்பித் தர வங்கி தயாராகத்தான் இருக்கிறது. நான்தான் வாங்க மறுத்திருக்கிறேன். ஏன் என்பது கீழே உள்ளது. தாங்கள் கடைசி வரை படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. சென்ற ஆண்டு எங்கள் வங்கி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பழைய அட்டைகளை வாங்கிக்கொண்டு பட அட்டைகளைக் கொடுத்தது. அட்டையில் உரிமையாளரின் புகைப்படம் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டும் பில் போடுவார். இரகசிய எண் தேவையில்லை. கிளையின் சுவரில் "உங்கள் முகமே உங்கள் பூட்டு" என்று பெரிய விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. எண்களை நினைவில் வைப்பதில் நான் மந்தம். முகத்தை எங்கும் மறந்து வைத்துவிட முடியாது. படம் எடுத்த ஊழியர் சிரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதால், அட்டையில் நான் யாரையோ அடிக்கப் போகிறவளைப் போல இருப்பேன். அட்டையில் படம் போடுவதை நான் அன்றும் எதிர்க்கவில்லை, இன்றும் எதிர்க்கவில்லை.

2. பிரேக் சரிபார்க்க வேனைப் பணிமனையில் விட்டபோது, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அட்டையை வைத்திருந்த சிறு பையை எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது பை இல்லை. பணிமனை மேஸ்திரி தன் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். பாவம், என்னைவிட அவர்தான் அதிகம் பதறினார். அங்கிருந்தே வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லி அட்டையை நிறுத்தினேன். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் முந்திய நாள் மாலையே சந்தை முனையில் உள்ள பெரிய வீட்டுச் சாதனக் கடையில் யாரோ ஒருவர் என் அட்டையை நீட்டி, விலை உயர்ந்த கைப்பேசிகளும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் வாங்கிச் சென்றிருக்கிறார். கைப்பேசிகள் ஏன் என்று புரிகிறது. இஸ்திரிப் பெட்டி ஏன் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. திருடியவரைக் கண்டுபிடிப்பது காவல் துறையின் பொறுப்பு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் குறை வங்கியின் மேல்.

3. வங்கியின் விசாரணை இப்படி நடந்தது. அட்டைப் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் என் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டியில் இருந்தேன். எங்களுடன் இருக்கும் என் அம்மா எடுத்துப் பேசினார். குடும்பத்தில் உங்கள் மகளைப் போலவே முகத்தோற்றம் உள்ளவர் யாராவது உண்டா என்று அலுவலர் கேட்டிருக்கிறார். எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. புதிய அட்டைக்குப் படம் சரியாக வரவில்லை போலும் என்று அம்மா நினைத்துக்கொண்டார். தன் மகள்கள் இருவரும் ஒரே சாயல் என்பது அவருடைய நெடுநாள் பெருமை. கடைத்தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வதை வங்கி அலுவலரிடமும் சொல்லிவிட்டார். விசாரணைக் கோப்பில் அது வாக்குமூலமாகப் பதிவாகியிருக்கிறது. அதன் சொற்கள் இவை:

"ரெண்டு பேரும் ஒரே அச்சுங்க. சின்னவளைப் பாத்துட்டு எத்தனையோ பேர் பெரியவன்னு நெனச்சுப் பேசியிருக்காங்க."

உண்மையில் எங்களுக்குள் உள்ள ஒற்றுமை எங்கள் அம்மாவின் கண்ணுக்கு மட்டும் தெரிவது. தங்கை என்னைவிடத் தலை உயரம் கூடியவள். எனக்கு வட்ட முகம், அவளுக்கு நீள முகம். மூக்கைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நாங்கள் இருவரும் அருகருகே நிற்கும் படத்தை இணைத்துள்ளேன், தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அம்மா சொன்ன "எத்தனையோ பேர்" என்பது எங்கள் சித்தப்பா ஒருவர்தான். அவருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்வதற்கு முன்பு நடந்தது அது.

4. பார்வை ஒன்றில் கண்ட முடிவுக் கடிதத்தில், "விற்பனையாளர் முகச் சரிபார்ப்பை உறுதி செய்துள்ளமையால், பொருள்களை வாங்கியவர் அட்டை உரிமையாளராகவோ, அவரை ஒத்த தோற்றமுடைய நெருங்கிய உறவினராகவோ இருந்திருத்தல் வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலை நான் பள்ளியின் மாற்று வேனில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தேன் என்பதைப் பள்ளி உறுதி செய்துவிட்டதால், என்னை விட்டுவிட்டார்கள். மிஞ்சியவள் என் தங்கை. அன்று அவளுக்கு வார விடுமுறை. தனியாக இருக்கும் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணி துவைத்ததற்கு யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

கடையில் கேமரா இல்லையா என்று நான் கேட்டேன். இருக்கிறது. பில் போடுமிடத்துக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளரைப் பார்க்கவில்லை. கல்லாப் பெட்டியைப் பார்க்கிறது. கடைக்குத் தன் ஊழியர்களின் கைமேல்தான் கண். அதனால் படத்தில் அட்டையைக் கொடுத்தவரின் முழங்கை மட்டும் தெரிகிறது. அந்த முழங்கை என் தங்கையுடையது அல்ல என்று சொன்னேன். முழங்கையை வைத்து ஒருவரை அடையாளம் காண இயலாது என்று அட்டைப் பிரிவில் விளக்கினார்கள். அதே முழங்கையை வைத்து, வாங்கியவர் பெண்ணாக இருக்கலாம் என்று அவர்களே கோப்பில் எழுதியிருக்கிறார்கள்.

5. என் தங்கை மருத்துவமனைக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் கல்லாவில் வேலை பார்த்தவள். பார்த்தவள் என்று எழுத வேண்டியிருக்கிறது. அவளுடைய சம்பளக் கணக்கும் இதே வங்கியில் இருப்பதால், "அட்டை முறைகேடு தொடர்பாக விசாரணையில் உள்ள நபர்" என்று அவளுடைய முதலாளிக்கு ஒரு கடிதம் போயிற்று. முதலாளி நல்ல மனிதர். வேலையை விட்டு அனுப்பவில்லை. கல்லாவிலிருந்து எடுத்து, பின்பக்கச் சரக்கு அறையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் வைத்திருக்கிறார். விசாரணை முடியட்டும் என்கிறார். முடிந்துவிட்டது என்று வங்கி எனக்கு எழுதுகிறது. அவருக்கு யாரும் எழுதவில்லை. மருந்துச் சீட்டைக் கொண்டுவரும் பழைய வாடிக்கையாளர்கள் அவளை எங்கே என்று கேட்டால், கூட வேலை செய்பவர்கள் தரையைப் பார்க்கிறார்களாம். இதை அவள் என்னிடம் சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

6. அந்தக் கடிதம் வந்த வாரம் தங்கை அதன் நகலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் என் கணவரும் இருந்தோம். அம்மா அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

"எடுத்திருந்தா சொல்லிடும்மா. அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா."

தங்கை தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். நான் பின்னாலேயே படிக்கட்டு வரை ஓடினேன். இந்த மனுவில் அவளும் கையெழுத்திட வேண்டும் என்று பின்னர் நான் கேட்டபோது அவள் சொன்னது: "நான் திருடலைன்னு நானே எழுதிக் குடுக்கணுமாக்கா? எழுதுனவங்கதான் அழிக்கணும்." அவள் சொன்னது நியாயம் என்பதால், நான் மட்டும் கையெழுத்திட்டுள்ளேன்.

7. "விற்பனையாளர் உறுதி செய்துள்ளமையால்" என்ற வரியை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். கடைக்காரர் என்ன செய்து உறுதி செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்கு என் கணவரின் பட அட்டையுடன் போனேன். என் கணவர் மின்பணியாளர். அவருடைய மீசையைப் பற்றி அறியாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை; படத்தில் முகத்தைவிட மீசைதான் முதலில் தெரியும். அவர் தன் முழுச் சம்மதத்துடன், பத்தடி தள்ளி, டியூப் லைட்டுகளின் பக்கத்தில் அவற்றை விலை கேட்பவரைப் போல நின்றுகொண்டார். நான் டார்ச் விளக்குக்கான பேட்டரிகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, மீசை உள்ள அட்டையை நீட்டினேன். பில் போடும் பெண் அட்டையைத் தேய்த்து, ஒரு பொத்தானை அழுத்தி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சீட்டின் அடியில் "முகம்: பொருந்துகிறது" என்று அச்சாகியிருந்தது. அன்று முதல் வீட்டில் என் பெயர் 'மீசைக்காரி' என்று ஆகிவிட்டது. அச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.

8. ஒருமுறை நடந்ததைத் தற்செயல் என்று தாங்கள் கருதலாம். நானும் அப்படித்தான் கருதினேன். எனவே அடுத்த வாரம் அம்மாவை அழைத்துச் சென்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. என் கணவரின் நிறுவனம் ஆண்டு இறுதியில் ஊழியர்களுக்குக் கொடுக்கும் வங்கிப் பரிசு அட்டை ஒன்று வீட்டில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால் அதில் எவருடைய படமும் இருக்காது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ரிப்பன் கட்டிய ஒரு பூங்கொத்து இருக்கும். அம்மா தனக்கு ஒரு தண்ணீர் ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டு அந்த அட்டையைக் கொடுத்தார். சீட்டு வந்தது. "முகம்: பொருந்துகிறது."

அறுபது வயதைத் தாண்டிய என் அம்மாவின் முகமும் ஒரு பூங்கொத்தும் ஒன்றே என்று தங்கள் பதிவு சொல்கிறது. மகள் என்ற முறையில் எனக்கு இதில் மகிழ்ச்சியே. ஆனால் இதே பதிவை வைத்துத்தான் என் தங்கை திருடி என்று எழுதப்பட்டிருக்கிறது.

9. மூன்றாவது முறை நான் எதுவும் வாங்கவில்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், பில் போடும் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பயந்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை, என் தங்கைக்காக வந்திருக்கிறேன் என்றதும் இயந்திரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அட்டையைத் தேய்த்தவுடன் திரையில் "முகம் பொருந்துகிறதா?" என்று கேள்வி வருகிறது. பச்சைப் பொத்தான் ஆம், சிவப்புப் பொத்தான் இல்லை. பச்சைப் பொத்தானின் மேல் இருந்த எழுத்து தேய்ந்து போயிருக்கிறது. சிவப்புப் பொத்தான் கடையில் வாங்கிய அன்று இருந்தது போல் பளபளவென்று இருக்கிறது. அதற்கு அவர் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன்:

"செவப்ப அழுத்துனா மெஷின் பூட்டிக்கும்க்கா. மேனேஜர் வந்து சாவி போட்டாத்தான் தெறக்கும். அவரு மேல் மாடியில இருப்பாரு. அதுவரைக்கும் வரிசையில நிக்கிறவங்க திட்டு பூரா எனக்குத்தான்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஒருமுறை சிவப்பை அழுத்தியிருக்கிறார். படத்தில் கண்ணாடி அணியாதவர் நேரில் கண்ணாடியுடன் வந்ததால் ஐயம். மேலாளர் வந்து சாவி போட்டுத் திறந்துவிட்டு, அந்தப் பதிவைத் தன் கையால் பச்சையாக மாற்றிவிட்டு, இனி மாடியிலிருந்து தன்னை இறங்க வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகு இந்தப் பெண் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் அட்டையைக் கொண்டுவந்தவர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். நினைவில் இருக்க முதலில் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். இதை என்னிடம் சொன்னதற்காக அந்தப் பெண்ணின் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது. வந்தால் அடுத்த மனு அவருக்காக எழுதுவேன்.

10. பிறகு மேல் மாடிக்குப் போய் மேலாளரைப் பார்த்தேன். மரியாதையாக நாற்காலி போட்டார். இந்தத் திட்டம் வந்த நாளிலிருந்து எத்தனை முறை "இல்லை" என்று பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். ஒருமுறைகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னார். சுவரில் ஒரு சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. "முகச் சரிபார்ப்பில் குறையில்லாச் செயல்பாடு" என்று அதில் இருந்தது. கொடுத்தது எங்கள் வங்கி. தாடி வளர்த்தவர், தலையை மொட்டை அடித்தவர், பிரசவத்துக்குப் பின் உடல் பெருத்தவர், மனைவியின் அட்டையைத் தெரியாமல் எடுத்து வந்த கணவர் என்று ஒருவர்கூடவா இத்தனை நாளில் வரவில்லை என்று வங்கியில் எவரும் கேட்கவில்லை. எல்லாமே ஆம் என்று வந்ததும் சான்றிதழ் அடித்து அனுப்பிவிட்டார்கள்.

11. நான் நிபுணர் அல்ல. ஆனால் படத்தையும் முகத்தையும் ஒப்பிடுவது எனக்கும் தினசரி வேலைதான். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் இறக்குமிடத்தில் யார் வந்து அழைத்துப்போக வேண்டும் என்பதற்குப் படம் ஒட்டிய சீட்டு ஒன்று என்னிடம் இருக்கும். ஒருமுறை ஒரு பிள்ளையின் அப்பா வந்து நின்றார். படத்தில் இருந்தவருக்கு அடர்ந்த தாடி. வந்தவருக்குத் தாடி இல்லை, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பிள்ளையை இறக்க மாட்டேன் என்றேன். பிள்ளை "அப்பா, அப்பா" என்று ஜன்னலைத் தட்டுகிறது, அவர் நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்துக் கத்துகிறார், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. நான் பிள்ளையின் அம்மாவைத் தொலைபேசியில் பிடித்து, வந்தவர் அப்பாதான், காய்ச்சலில் படுத்து எழுந்தவர் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கதவைத் திறந்தேன். அன்று மற்றப் பிள்ளைகள் எல்லோரும் தாமதமாகத்தான் வீடு சேர்ந்தார்கள். பெற்றோர்கள் தலைமை ஆசிரியையிடம் போய்ப் புகார் செய்தார்கள். ஓட்டுநர் செய்தது சரி என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த அப்பா அதற்குப் பிறகு வெகு காலம் என்னுடன் பேசவில்லை. பேசாமல் இருந்தாலும் பிள்ளையை ஒழுங்காக வாங்கிக்கொண்டு போனார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், படம் பார்த்து ஆளைப் பிடிக்கும் முறை வீண் என்று நான் சொல்லவில்லை. பார்க்க நேரம் கொடுத்து, "இல்லை" என்று சொன்னவருக்குப் பின்னால் ஒருவர் நின்றால் அது நன்றாகவே வேலை செய்யும். அந்தக் கடையில் அப்படி ஒருவர் நின்றிருந்தால், என் அட்டையைத் திருடியவர் இஸ்திரிப் பெட்டி இல்லாமல் வெறுங்கையுடன் வீடு திரும்பியிருப்பார்.

12. இன்னொருவர் அட்டையைப் பயன்படுத்துவது விதிமீறல் என்பதை அறிவேன். பத்தி ஏழில் நான் செய்தது அதுதான். அதற்காக என்மீது நடவடிக்கை எடுக்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. தடை சொல்ல மாட்டேன். ஆனால் எடுப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். தங்கள் பதிவின்படி அன்று பேட்டரி வாங்கியது என் கணவர். முகம் பொருந்துகிறது. அந்தப் பதிவு தவறு என்று சொல்லித்தான் என்மீது நடவடிக்கை எடுக்க முடியும். அது தவறு என்றால் என் தங்கையைப் பற்றிய பதிவு எப்படிச் சரி என்பதையும் அதே உத்தரவில் எழுதித் தாருங்கள்.

13. இந்தச் சீட்டுகளுடன் நான் அட்டைப் பிரிவுக்குப் போனதும், அங்கே பேச்சு மாறியது. உட்காரச் சொன்னார்கள். முழுத் தொகையையும் நல்லெண்ண அடிப்படையில் என் கணக்கில் வரவு வைப்பதாகச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்திட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். படித்துப் பார்த்தேன். "குடும்ப உறுப்பினர் ஒருவரால் அட்டை பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்பதை ஏற்று, இது குறித்து மேல்முறையீடு செய்ய மாட்டேன்" என்று நான்காவது வரியில் இருந்தது. அது வழக்கமான வாசகம்தான், எல்லோரும் போடுவதுதான் என்று அலுவலர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எல்லோரும் போட்டிருப்பார்கள். எத்தனை வீடுகளில் எத்தனை தம்பிகளும் மருமகள்களும் இந்த நான்காவது வரியால் திருடர்கள் ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. பணம் எனக்குத் தேவைதான். வேனின் பிரேக்குக்கே இன்னும் பாக்கி இருக்கிறது. இருந்தாலும் அந்தப் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

14. எனவே தங்களிடம் நான் வேண்டுவன இவை. "முகம் பொருந்துகிறது" என்ற பதிவை வைத்து வாடிக்கையாளர் மீதோ அவருடைய வீட்டார் மீதோ பழி சுமத்துவதை வங்கி உடனே நிறுத்த வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை மாற்ற வேண்டும். அழுத்தியவரைத் திட்டாமல், அவர் அழுத்திய காரணத்தை எவராவது போய்ப் பார்க்க வேண்டும். கேமராக்களில் ஒன்றையாவது வாடிக்கையாளர் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். சான்றிதழைத் திரும்ப வாங்குவதும் வாங்காததும் தங்கள் விருப்பம்.

இவற்றுக்கு எவ்வளவு காலம் ஆனாலும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஒன்று மட்டும் இந்த மாதத்துக்குள் நடக்க வேண்டும். என் தங்கைக்கு எதிராக எந்த ஆதாரமும் இல்லை, இருந்ததும் இல்லை, அவளைப் பற்றி எழுதியது வங்கியின் தவறு என்று வங்கித் தாளில், முத்திரையுடன், பொறுப்பான அலுவலர் ஒருவரின் கையெழுத்துடன் ஒரு கடிதம் வேண்டும். "வருந்துகிறோம்" என்று மட்டும் எழுதினால் போதாது; தவறு என்று எழுத வேண்டும். முதல் பிரதி என் தங்கைக்கு. இரண்டாம் பிரதி மருந்துக் கடை முதலாளிக்கு. அதைப் பார்த்தால் அன்றே அவளைக் கல்லாவில் உட்கார வைப்பதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கிடைக்காவிட்டால் நீதிமன்றம் வரை போவதற்கு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டேன் என்பதையும் மிரட்டலாக அல்ல, தகவலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

15. மூன்றாம் பிரதி ஒன்று எங்கள் அம்மாவின் பெயருக்கு, தனி உறையில் அனுப்பப்பட வேண்டும். இது வழக்கத்தில் இல்லை என்று தங்கள் அலுவலகம் சொல்லக்கூடும் என்பதால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

சீட்டுகளைக் காட்டி, பூங்கொத்துக் கதையையும் சொல்லி, நான் அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டேன். அம்மா புரிந்துகொண்டார். தொலைபேசியில் பேசியதற்காகத் தலையில் அடித்துக்கொண்டார். தங்கைக்குத் தானே போன் செய்து, வீட்டுக்கு வரச் சொல்லி அழுதார். அவளும் மனமிரங்கி, போன ஞாயிறு வந்தாள். நல்ல முறையில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை கை கழுவப் பின்பக்கம் போனாள். மேசைமேல் அம்மாவின் கைப்பை இருந்தது. அம்மா எங்களோடு பேசிக்கொண்டே அதை எடுத்துப் போய் அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தான் அப்படிச் செய்ததே அவருக்குத் தெரியாது. இன்றும் கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வார், அது உண்மையான சத்தியமாகவே இருக்கும். ஆனால் தங்கை ஈரக் கையோடு வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்ற மகளைப் பற்றி ஒரு தாளில் முத்திரை குத்தி வந்தது, அம்மா நம்பிவிட்டார். நான் வாயால் சொல்வது அவருடைய காது வரைக்கும்தான் போகிறது, கைக்குப் போகவில்லை. தாங்கள் அனுப்பும் தாளில் முத்திரை நன்றாகத் தெரியும்படி குத்தச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
பள்ளி வேன் ஓட்டுநர்,
மேற்படி தங்கையின் அக்கா.

இடம்: பள்ளி வாசல், வேனில் இருந்து.
நாள்: மாதத்தின் முதல் திங்கள்.